இலையைப் பார்த்து மரம் நடுவோம்

(பூந்தமல்லி வட்டார மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் சுருக்கம்)



சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சிட்டோம். இப்போ ஒரு பத்து நிமிஷம் மரக்கன்று விஷயம் பேசலாம். மகளிர் தினம் மார்ச் 8 அன்று, ஏரிக்கரைத் தெருவில் 40 கன்று நட்டோம். மே மாதம் பாதிக்கு மேல் கருகிப்போச்சு. "தண்ணி ஊத்துற முறை எடுத்த குழு சரியில்லை" என்று போன கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. தினமும் குடம் தூக்கின ஒரு அக்கா கண்கலங்கி எழுந்து போனாங்க. அது என் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் போய் ஒவ்வொரு கன்றாகப் பார்த்தேன். கருகினது எல்லாம் தேக்கும் பாதாமும். பிழைச்சது வேம்பும் புளியும். ஒரே தெரு, ஒரே குடம், ஒரே தண்ணி. அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்? பதில் இலையில் இருக்கு.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. வெயிலில் நிற்கிற வேப்பங்கொத்து ஒன்றை பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்க. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பைக்குள்ளே நீர்த்துளி நிற்கும். அந்தத் தண்ணி இலையிலிருந்து வந்தது. இலையில், முக்கியமா அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. அது வழியாகத் தண்ணி ஆவியாகப் போகும். போகப் போக, தண்டில் இருக்கிற மெல்லிய குழாய்கள் வழியாக வேரிலிருந்து தண்ணி இழுபட்டு மேலே வரும். மரத்துக்கு மோட்டார் கிடையாது. இலைதான் இழுக்குது. டிக்சன், ஜாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894-லேயே இதைச் சொன்னாங்க. வேர் எடுக்கிற தண்ணியில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இப்படித்தான் வெளியே போகுது.

சரி, இலையின் வடிவத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கரண்ட் இல்லாத நேரம் இந்த ஹாலில் நாம எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தால் நடுவில் இருக்கிறவங்களுக்குப் புழுங்கும். நாலு நாலு பேராக இடைவெளி விட்டு உட்கார்ந்தால் காற்று உள்ளே புகுந்து போகும். இலையும் அப்படித்தான். தேக்கு, பாதாம் மாதிரி அகல இலை மேலே சூடான காற்று அப்படியே தேங்கி நிற்கும். இலை கொதிக்கும். சூடு தணிய நிறையத் தண்ணியை ஆவியாக்கணும். வேம்பு, புளி, முருங்கையில் இலை சின்னச் சின்னதாகப் பிரிஞ்சிருக்கு. லேசான காற்று வந்தாலே சூடு போயிடும், தண்ணிச் செலவு குறையும். வாழை இலை காற்றில் கீற்று கீற்றாகக் கிழியுதே, அப்படிக் கிழிஞ்ச இலைக்குச் சூடும் குறைவு.

உலகம் முழுக்க 7,670 வகைச் செடிகளின் இலையை ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2017-ல் வந்தது. வெயிலும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் சின்ன இலை, வெயிலோடு தண்ணியும் இருக்கிற இடத்தில் பெரிய இலை என்று அதில் கண்டாங்க.

2019 ஜூனை நினைச்சுப் பாருங்க. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்னோம். தெரு வேப்பமரத்துக்கு யார் ஒரு சொம்பு ஊத்தினோம்? அது பச்சையாத்தான் நின்னுது. ஆழமான வேர் ஒரு காரணம், சின்ன இலை இன்னொரு காரணம்.

அதுக்காகப் பெரிய இலை மரம் கெட்டது என்று அர்த்தம் இல்லை. வளர்ந்த தேக்கு கோடையில் இலையை உதிர்த்துத் தண்ணிச் செலவை நிறுத்திக்கொள்ளும். வேர் பிடிக்காத சின்னக் கன்றை மார்ச் வெயிலில் நட்டால் அதுக்கு ஏது அவகாசம்? இலை கேட்கிற தண்ணியை வேரால் கொடுக்க முடியாது.

தேதி குறிச்சது நான். கன்று வாங்கி வந்ததும் நான். தப்பு என்னுடையது. குடம் தூக்கின அக்காக்கள் மேலே ஒரு குறையும் இல்லை. இதை எல்லோர் முன்னாடியும் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

இனி என்ன செய்யலாம்?

1. மகளிர் தினத்தில் உறுதிமொழி எடுப்போம், கன்றை அக்டோபரில் நடுவோம். நம்ம பக்கம் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கோடைக்குள் வேர் இறங்கிடும்.

2. தண்ணி வசதி இல்லாத தெருவோரத்துக்கு வேம்பு, புளி. பாத்திரம் கழுவுற தண்ணி போகிற இடத்துக்கு வாழை, பாதாம்.

3. அகல இலைக் கன்றை நடும்போது பெரிய இலைகளில் பாதியைக் கத்தரித்து விடுங்க.

4. அடியில் காய்ந்த சருகு பரப்புங்க. சாயங்காலம், வேர் நனையுற மாதிரி மெதுவாக ஊத்துங்க.

பட்டுப்போன இடங்களில் அக்டோபரில் மறுபடி நடுவோம். எந்த இடத்தில் எந்தக் கன்று என்று, போன தடவை தண்ணி ஊத்தின குழுவே முடிவு செய்யட்டும். அந்த மண்ணை அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்து என்னுடையது.