உலோகத்தினுள் ஓடிய கோடுகள்

தட்டார் பட்டறையில் பொன்னைத் தட்டத் தட்ட அது இறுகிவிடும். மேலும் தட்டினால் வெடித்துவிடும் என்பதை அறிந்த தொழிலாளி, அதை மறுபடியும் நெருப்பிலே காட்டி இளக்கிக்கொள்வார். கம்பியை ஓரிடத்தில் மடக்கி நிமிர்த்தினால் அவ்விடம் முன்னிலும் கடினமாவதை நேயர்கள் கண்டிருப்பர். பல்லாயிரம் ஆண்டுகளாகக் கைகள் அறிந்திருந்த இவ்வுண்மைக்குக் காரணம் என்ன என்பது மட்டும் அண்மைக்காலம் வரையில் விளங்கவில்லை.

உலோகம் என்பது ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களின் கூட்டம். அதை வளைப்பதென்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் வழுக்கவேண்டும். அடுக்கு முழுவதும் ஒருங்கே வழுக்குவதானால் அதற்கு வேண்டிய விசை எவ்வளவு என்று 1926இல் ரஷ்ய விஞ்ஞானி பிரெங்கல் கணக்கிட்டார். தூய உலோகங்களோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே இணங்கிவிடுகின்றன. கணக்கும் கண்கண்ட உண்மையும் இவ்வளவு தூரம் முரண்படுவது விஞ்ஞானத்தில் அருமை.

1934இல் ரெயிலர், ஒரோவான், பொலானியி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கூறினர். அணு அடுக்கில் ஓரிடத்தில் ஒரு வரிசை பாதியிலே நின்றுவிடும் குறை உண்டு. அந்தக் குறை ஒரு கோடாக உலோகத்தினுள் நீண்டு கிடக்கிறது. அக்கோடு நகர்வதாலேயே உலோகம் வளைகிறது என்றனர். இதனை இடப்பிறழ்வு எனலாம். மயிர்க்கொட்டி தன் உடல் முழுவதையும் ஒரே இழுப்பில் இழுத்துச் செல்வதில்லை. சிறு வளைவொன்றை வாலிலிருந்து தலைவரை நகர்த்தியே முன்னேறுகிறது. உலோகமும் அப்படியே. கோடுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது உலோகம் இறுகுகிறது.

அழகான விளக்கந்தான். ஆனால் அந்தக் கோடு நகர்வதைக் கண்டவர் எவருமிலர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இது கணிதக்காரரின் கற்பனை என்று ஐயுற்ற உலோகவியலாளரும் இருந்தனர்.

சாதாரண நுணுக்குக்காட்டி இதற்குப் பயன்படாது; ஒளியின் அலை அணுவைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு நீளமானது. பேர்லினில் குனோலும் ருஸ்காவும் 1931இல் தொடக்கிவைத்த இலத்திரன் நுணுக்குக்காட்டியே வழிகாட்டியது. ஓர் இலட்சம் வோல்ற்றில் விரையும் இலத்திரனின் அலை, ஒளியலையிலும் இலட்சம் மடங்குக்கு மேல் குறுகியது. ஆயினும் இலத்திரன் தடித்த உலோகத்தை ஊடுருவாது. ஆகையால் உலோகவியலாளர் நெடுங்காலம் உலோகத்தின் மேற்பரப்பில் மெல்லிய அச்செடுத்து, அந்த அச்சையே பார்த்துவந்தனர். ஆளைக் காணாது அவர் காலடித் தடத்தை ஆராய்வது போன்றது அது.

கேம்பிரிட்ஜ் நகரின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் பீற்றர் ஹேர்ஷ், அவருடைய மாணவர் மைக்கல் வீலன், நுணுக்குக்காட்டியை இயக்குவதில் வல்லவரான றொபேட் ஹோண் ஆகியோர் உலோகத்தையே மெலிதாக்கத் துணிந்தனர். அடித்து மெலிதாக்கிய அலுமினியத் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அமிலத்தில் அரிக்கவிட்டனர். தகடு மில்லிமீற்றரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் கீழே மெலியவேண்டும். சற்றுக் கூடினால் ஓட்டை விழும். சற்றுக் குறைந்தால் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஓட்டையின் விளிம்பையொட்டிய சிறு பகுதியே பார்க்கத்தக்கதாக அமையும். இத்துறையில் உழைப்பவரின் நாள்களை விழுங்குவது பார்ப்பதன்று, பார்ப்பதற்கான பொருளை ஆயத்தஞ்செய்வதே.

படத்தில் மெல்லிய கருங்கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. கோட்டின் அருகே அணுத் தளங்கள் சற்று வளைந்திருப்பதால் அங்கே இலத்திரன்கள் வேறு திசையில் சிதறுகின்றன. அதனால் அவ்விடம் கறுக்கிறது. ஆனால் தகட்டின் வளைவும், ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் இரு பளிங்குகளும் கூடக் கோடுகளை உண்டாக்க வல்லவை. கண்டது தேடியதுதானா, அல்லது தேடியதால் கண்டதா? நேர்மையான ஆராய்ச்சியாளருக்கு இதைவிடக் கொடிய கேள்வி இல்லை.

1956இல் அவர்கள் இலத்திரன் கற்றையின் செறிவைக் கூட்டினர். அசையாதிருந்த கோடுகள் நகரத் தொடங்கின! மனம்போன போக்கிலன்று, அணு அடுக்குகள் வழுக்கவேண்டும் எனக் கொள்கை கூறிய அதே தளங்களின் வழியே ஓடின. சில வேளைகளில் ஒரு தளத்தை விட்டு மற்றொரு தளத்துக்குத் திரும்பியும் சென்றன. வளைவோ நிழலோ இவ்வாறு நடந்துகொள்ளாது. ஆய்வுகூடத் தலைவரும், இக்கொள்கையில் தாமே பெரிதும் உழைத்தவருமான நெவில் மொற், வந்து பார்க்கும்படி அழைக்கப்பட்டார். அதே ஆண்டிலேயே ஜெனீவாவில் பொல்மான் என்பவர் துருப்பிடியா உருக்கில் இக்கோடுகளைத் தனியே கண்டார். கொள்கையை வகுத்தவருள் ஒருவரான ரெயிலர் அப்போது உயிரோடு இருந்தார் என்பது நினைக்க இனிய செய்தி. ஹோணோ உலோகத்தோடு நிற்கவில்லை; 1959இல் பிறெனருடன் சேர்ந்து வைரசுகளைத் தெளிவாகப் பார்க்கும் முறையொன்றை வெளியிட்டார்.

அதன் பின்னர் கருவி வெகுதூரம் வந்துவிட்டது. வில்லையின் பிழையைத் திருத்தும் முறையை ஹைடர், ரோஸ், ஊர்பான் என்னும் விஞ்ஞானிகள் 1998இல் மெய்ப்பித்தனர். இப்போது அணு வரிசைகளையே தெளிவாகக் காணலாம். ஆயினும் மெல்லிய தகடு இன்றும் வேண்டியிருக்கிறது. அமிலத்துக்குப் பதிலாகக் காலியம் அயன் கற்றையால் அதைச் செதுக்குவோர் பலர். அந்தக் காலியமே தகட்டினுள் புதைந்து, முன்பு இல்லாத குறைகளை அங்கே உண்டாக்கிவிடுவதுண்டு. எனவே கவனமுள்ள ஆராய்ச்சியாளர் அதே உலோகத்தின் வேறொரு துண்டைப் பழைய முறையில் கரைத்து மெலிதாக்கி, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பின்னரே தாம் கண்டதை எழுதுகின்றனர்.