பூட்டிய நூலகத்துக்கும் வரி கட்டுகிறோம்

(மும்பையில் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் விரல் மடக்கிச் சொல்லுவோம். அம்மாவுக்கு மருந்து, தங்கைக்குச் சீர், கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி, நகை வட்டி. ஆனால் ஒரு செலவை யாரும் சொல்ல மாட்டோம். ஊரில் சொந்த வீடு உள்ளவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி என்று ஒரு தொகை இருக்கும். அதோடு சேர்த்து நூலக வரி என்று இன்னொரு சிறு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி 200 ரூபாய் என்றால் நூலக வரி 20 ரூபாய்.

இருபது ரூபாய் பெரிதா என்று கேட்கலாம். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஊரில் 500 வீடு, வீட்டுக்குச் சராசரி 150 ரூபாய் வரி. ஆண்டுக்கு 7,500 ரூபாய் நூலக வரி ஆயிற்று. இரண்டு நாளிதழை ஆண்டு முழுவதும் வாங்கிப் போட அது போதும். அந்தப் பணம் ஊராட்சியில் வசூலாகி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டுகிற நமக்கு இது தெரியாது. தெரியாததால் கேட்பதும் இல்லை.

இந்த வரி எப்படி வந்தது? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனவர். உலகம் முழுதும் நூலகத் துறையில் அவர் பெயரைச் சொல்லுகிறார்கள். புத்தகத்தைக் காவல் காப்பது நூலகத்தின் வேலை இல்லை, பிறர் கையில் கொடுப்பதே வேலை என்பதுதான் அவர் வகுத்த ஐந்து விதிகளுக்கும் அடிப்படை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வண்டி கட்டி ஓட்டும் ஊரில் வண்டியிலேயே நூலகம்! அவருடைய பெருமுயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின் இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். ஏழையின் குழந்தை படிக்கப் பணக்காரன் தயவு வேண்டாம், எல்லோரும் காசு போட்டு எல்லோருக்கும் நடத்துவோம் என்ற ஏற்பாடு அது.

சட்டம் நம்மிடம் முன்னே வந்தது. பக்கத்துக் கேரளத்தில் நடந்ததோ தலைகீழ். அங்கே 1945இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 சிறு நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், மூங்கில் கொடுத்தார்கள், வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டு வாங்கினார்கள். அங்கே நூலகச் சட்டம் 1989இல்தான் வந்தது. அதற்குள் நூலகம் ஊரின் சொத்தாகிவிட்டது. இன்று 8,000க்கு மேற்பட்ட நூலகங்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு நடத்துகிறது. கதவு திறக்கவில்லை என்றால் குழுச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நம் ஊரில் யார் வாசலில் போய் நிற்பது?

கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களைப் பற்றி நம் தாய்மார்கள் கேட்க வேண்டும். வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றும்போது, தங்களுக்குள் ஒருவரைப் பத்திரிகை படிக்க உட்கார்த்துவார்கள். அவர் உரக்கப் படிக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றுவார்கள். படிக்கிறவர் அந்த நேரத்தில் சுற்றாமல் விட்ட பீடியை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்து அவருடைய கூலியை ஈடுகட்டுவார்கள். 1969இல் அந்தத் தொழிலாளர்களே தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. படிப்புக்கு ஒரு கூலி உண்டு, அதை நாம்தான் கொடுக்க வேண்டும் என்று கை வேலைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் நம் அக்கா தங்கைகள் மடியில் தட்டு வைத்துச் சுற்றுவதும் அதே பீடிதான்.

நம்மிடம் அந்த வழக்கமே இருந்ததில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நம் அப்பாக்கள் காலத்தில் படிப்பகம் என்றால் ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒன்றிரண்டு பத்திரிகை. திராவிட இயக்கத்தார் வைத்தார்கள், பொதுவுடைமைத் தோழர்களும் வைத்தார்கள். எழுத்து தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். சவரக் கடையிலும் தேநீர்க் கடையிலும் இது நடந்தது. ஆனால் சில தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்திருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. படிப்பகத்துப் பெஞ்சில் தனி இடம் கிடையாது. சேரித் தெருப் பையன் மேலத் தெருக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதே தாளின் அடுத்த பக்கத்தைப் படித்தான். அதற்காகவே சில ஊர்களில் படிப்பகத்தை வெறுத்தார்கள்.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் ஆண்டுதோறும் ஒரு பங்காக எடுத்து வேலை செய்தார்கள். ஊருக்கு ஒரு நூலகம் அதில் ஒரு பகுதி. கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகம் வந்தது. எண்ணம் நல்ல எண்ணம், யார் செய்தாலும் பாராட்டுவோம். பிறகு என்ன ஆயிற்று? பல இடங்களில் அதைக் கவனித்துக்கொள்ள வைத்த ஆளுக்குக் கொடுத்த தொகை ஒரு மாதச் சாயாச் செலவுக்கே காணாது. ஆள் நின்றார், பூட்டு விழுந்தது. கறையான் புத்தகத்தைத் தின்றது. வாசல் திண்ணையில் சீட்டாட்டம் வந்தது. சீட்டாடும் திண்ணையைத் தாண்டி எந்தப் பெண் பிள்ளை புத்தகம் எடுக்கப் போவாள்?

இன்னொன்றும் கவனியுங்கள். கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது? மேலத் தெரு நடுவில் நின்றால் கீழத் தெருப் பிள்ளைக்கு அது திறந்திருந்தாலும் பூட்டியதுதான். பொது இடத்தில், பள்ளிக்கூடத்துக்கோ பேருந்து நிற்கும் இடத்துக்கோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது சின்ன விஷயம் அல்ல.

நேரம் இருக்கிறதே, அது பெரிய மோசடி. காலையில் திறந்து, பள்ளிப் பிள்ளை திரும்புமுன் மூடிவிட்டால் யாருக்காகத் திறந்தார்கள்? காட்டு வேலைக்குப் போகிறவர், வேலைத் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர், எல்லோரும் சாயங்காலம்தான் வர முடியும். நகரத்துப் பிள்ளைக்குப் பயிற்சி நிலையம் உண்டு. நம் ஊர்ப் பையன் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படிக்க ஒரு மேசையும் விளக்கும் கேட்கிறான், அவ்வளவுதான்.

இங்கே மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் சரளமாகப் படிப்பார்கள். மற்றவர்கள் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தாத்தா வீட்டில் ஒரு மாதம். அந்த ஒரு மாதம் நூலகம் திறந்திருந்தால் படக்கதைப் புத்தகத்திலாவது தமிழ் கண்ணில் படும். அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களுக்கும் வேறு வேலை உண்டு. முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிற பெரியவர், நூலகத்தில் ஒரு படித்த பிள்ளையைப் பார்த்தால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்வார். மகன் இங்கிருந்து கைபேசியில் எத்தனை முறைதான் சொல்லிக் கொடுப்பான்?

கைபேசி வந்துவிட்டதே, நூலகம் எதற்கு என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கைபேசி அவரவருக்குப் பிடித்த செய்தியை அவரவருக்குக் கொடுக்கிறது. ஒரே தாளை நான்கு பேர் படித்து, அது பொய்யா மெய்யா என்று முகத்துக்கு நேரே சண்டை போடுகிற இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். முதலில் உங்கள் ஊர் நூலகம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர்ப்புற நூலகம் என்றால் அது மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் நடப்பது. மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது ஊராட்சியினுடையது. மனுவை ஆள் மாற்றிக் கொடுத்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டு குரல் கொடுத்தவர்கள். கதவு திறக்கவில்லை என்று அவர்களிடம் மட்டும் சீறுவது கூலிக்காரர் கூலிக்காரரோடு மோதுவதாகும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 தொழிலாளர் தினம், நம்மில் பாதிப் பேர் ஊரில் இருக்கும் நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரிலேயே இருப்பவர்கள் எழுந்து பேசுங்கள். பெயரை இங்கே மாற்றிக்கொண்டவர்கள் அம்மாவையோ மதினியையோ பேசச் சொல்லுங்கள். நூலகத்தைச் சாயங்காலம் திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் தலையாட்டினால் நம்ப வேண்டாம். நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு மாவட்டத்துக்குக் கட்டினார்கள் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம்.

கையில் சற்று வசதி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயிரம் ரூபாய் கட்டினால் அரசு நூலகத்தில் புரவலர் ஆகலாம். கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கும் செலவில் அது ஒரு மூலை. வில்லுப்பாட்டும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மனு மாதிரி ஒன்று சங்க அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஊருக்கு வண்டி ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஒன்றியத்தின் பெயர், ஊராட்சியின் பெயர், நூலகம் திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை நாளிதழ் வருகிறது, எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். வீட்டு வரி ரசீதின் நகலும் வேண்டும். ஜூன் மாதக் கூட்டத்தில் அவற்றை ஊர் ஊராகப் படிப்போம்.