சுமைதாங்கியும் இல்லமும்



நாஞ்சில் நாட்டுச் சாலைகளின் ஓரத்தே, ஆலமர நிழலிலும் குளக்கரையிலும், பழைய கல்லமைப்பு ஒன்று நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிமிர்ந்து நிற்கும் கற்கள் இரண்டு. அவற்றின்மேல் கிடத்திய கல் ஒன்று. அதற்குச் சுமைதாங்கி என்பது பெயர். தலைச்சுமையோடு சந்தைக்குச் சென்றோர், பிறர் கைகொடுக்காமலே தம் சுமையை அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறினர். பிறகு குனியாமலே எடுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வழிநடந்தனர். கருவுற்றிருந்த நிலையில் உயிர் நீத்த பெண்களின் நினைவாக இக்கற்களை நாட்டுதல் நம்மவர் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவளுக்கு, ஊரார் சுமையை இறக்கும் கல்லே நினைவுச் சின்னமாயிற்று. இதனினும் மென்மையான அறம் ஒன்று உண்டோ?

சுமைதாங்கி மட்டுமன்று. வெயிலுக்கு ஒதுங்க வழியம்பலம், தாகத்திற்குத் தண்ணீர்ப்பந்தல், பசிக்கு ஊட்டுப்புரை எனப் பல அறங்களை நம் முன்னோர் செய்து வைத்தனர். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோர், அங்கே கீழும் மேலுமாக நீண்டு கிடக்கும் ஊட்டுப்புரையைக் கண்டு வியந்திருப்பர்.

ஆயினும், இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுட் பல வழிப்போக்கரை நினைந்து செய்யப்பெற்றவை. வழிப்போக்கர் என்பவர் யார்? புறப்பட்ட வீடு ஒன்றும், போய்ச் சேரும் வீடு ஒன்றும் உடையவர். இடையில் ஓர் இரவு தங்க அவருக்கு ஒரு கூரை போதும். ஆனால், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக நிற்கும் ஒரு தாய்க்குப் போய்ச் சேரும் வீடே இல்லையென்றால்? அவள் நடக்கும் சாலைக்கு முடிவில்லை. இரவில் இறக்கிவைத்த சுமையை, விடிந்ததும் அவள் மீண்டும் எடுத்தே ஆகவேண்டும். அந்தத் தாயைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு பெண் வீட்டை எவ்வாறு இழக்கிறாள்? இக்கேள்விக்கு நாஞ்சில் நாட்டு வரலாறே ஒரு விடை தருகிறது. இந்நாட்டு வேளாளரிடையே முன்பு மருமக்கள்வழி முறை நிலவியது. குடும்பச் சொத்து ஒருவனுடைய மக்களுக்குச் செல்லாது. அவன் உடன்பிறந்தாளின் மக்களுக்கே செல்லும். ஆகவே, கணவன் கண்மூடியதும், அவன் மனைவியும் மக்களும் தாம் வாழ்ந்த வீட்டிலேயே உரிமையற்றோர் ஆயினர். அந்த அவலத்தை நகைச்சுவையும் கண்ணீரும் கலந்து பாடியவர் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவருடைய 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலில், ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணே தன் கதையைக் கூறுகிறாள். படித்தோர் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர். சீர்திருத்தம் வேண்டிப் பலர் பாடுபட்டனர். 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் மக்கட்குரிய உரிமைக்கு வழிவகுத்தது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? அப்பெண்கள் வீடிழந்தது அவர்கள் குற்றமன்று, ஊழ்வினையும் அன்று. வீட்டின் மீது அவர்களுக்கு உரிமையில்லாமையே காரணம். பிறகு வந்த சட்டங்கள் அவ்வுரிமையை மேலும் வளர்த்தன. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும், 2005-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும், இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்கு கிடைத்தது. அதே 2005-ஆம் ஆண்டில் இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தான் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்தது.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருக்க, பெண் தெருவில் நிற்கும் நிலை முற்றும் நீங்கவில்லை. கணவனின் குடி துரத்துகிறது, அடி துரத்துகிறது, மனநோய் உற்றவளை உற்றாரே கைவிடுகின்றனர். இயற்கையும் சிலவேளைகளில் இரக்கமின்றி நடந்துகொள்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஆழிப்பேரலை குளச்சல், மணக்குடி முதலிய கடலோர ஊர்களில் வீடுகளை வாரிச் சென்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல், கடலுக்குச் சென்ற மீனவர் பலரைத் திரும்பவிடவில்லை. வீடு நின்றது, வீட்டைத் தாங்கிய தோள் போயிற்று.

வீடற்ற பெண் நம் கண்ணில் எளிதிற் படுவதில்லை. அச்சமே அதற்குக் காரணம். ஆண் நடைபாதையில் படுத்து உறங்கிவிடுகிறான். பெண்ணோ விளக்கொளியும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தைத் தேடி, பேருந்து நிலையத்திலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் பயணி போலவும் உறவினள் போலவும் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறாள். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வீடற்றோரை எண்ணினர். இந்தியாவில் 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எனக் கண்டனர். பயணியைப்போல் உட்கார்ந்திருந்தவள் அக்கணக்கில் சேர்ந்தாளோ, யார் கூறவல்லார்?

இத்தகையோர்க்குப் புகலிடம் அமைத்தவர்களை நாம் மறத்தல் ஆகாது. இளமையிலே கைம்மை எய்திய சகோதரி சுப்பலட்சுமி, 1911-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பெற்ற கல்வியைத் தம்மைப்போன்ற இளங்கைம்பெண்களுக்கே உரிமையாக்கினார். சென்னையில் ஒரு சிறு வீட்டில் நாலைந்து பெண்களுடன் தொடங்கிய அவர் பணி, பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் மாளிகையில் தழைத்தது. புதுக்கோட்டை தந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் வாயிலில் அடைக்கலம் தேடி வந்த சிறுமியரைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் அவ்வாறுதான் தோன்றியது.

நம் நாகர்கோவிலும் இவ்வறத்திற் பின்தங்கியதன்று. 1819-ஆம் ஆண்டையொட்டி இங்கே பெண்கள் தங்கிப் பயிலும் பள்ளி ஒன்று தோன்றியது. அங்கே மார்த்தா மால்ட் அம்மையார் எழுத்தோடு பின்னல் வேலையையும் கற்பித்தார். அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர், தம் விரல்கள் ஈட்டிய பொருளால் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்பது வரலாறு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ஆம் ஆண்டில். அதற்கு முன்பே அவ்விளம் பெண்கள் தம் தளையை அறுத்துக்கொண்டனர்!

இம்மூன்று இடங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவை இரவுக்குக் கூரை தந்ததோடு நின்றுவிடவில்லை. பகலுக்குப் பொருளும் தந்தன. கல்வியும் தொழிலும் கைவந்த பெண், பிறர் தயவின்றித் தன் காலில் நின்றாள்.

இக்கருத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். முன்னாளில் நகரங்களில் அமைந்தவை இரவுக் காப்பகங்கள். மாலையில் கதவு திறக்கும், காலையில் மூடும். மூடியபின் அந்தத் தாயின் நிலை என்ன? சற்றே எண்ணிப் பாருங்கள். குளிக்க இடமில்லை; துணி உலர்த்தக் கொடியில்லை. மூட்டையைக் காக்க ஆளில்லை. மூட்டையோடு சென்றால் வேலை கொடுப்பாரில்லை. குழந்தையை விட்டுச் செல்ல நம்பிக்கையான இடமில்லை. விடாது சென்றாலும் வேலையில்லை. குடும்ப அட்டைக்கு மனு எழுதலாம் என்றால், முகவரி என்னும் இடத்தில் எழுத ஏதுமில்லை. இவ்வாறு பகல் முழுவதும் அலைந்து, மாலையில் அவள் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறாள். ஓராண்டு கழிந்தாலும் ஓரடி முன்னேறியிருக்கமாட்டாள்.

ஆதலால் பகற்பணிகள் இன்றியமையாதவை. குளியலறையும் கழிப்பறையும், மூட்டையைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி, குழந்தைக்குக் காப்பகம், சூடான உணவு, மருத்துவர், சட்ட அறிவுரை, தொழிற்பயிற்சி, கடிதம் வந்துசேர ஒரு முகவரி ஆகியவை ஓரிடத்தில் கிட்டுமாயின், தாய் அச்சமின்றி வேலைக்குச் செல்வாள். கூலியில் ஒரு பகுதியைச் சேமிப்பாள். ஒருநாள் தன் வாடகை வீட்டின் திறவுகோலைத் தன் கையிலே வாங்குவாள். காப்பகத்தின் வெற்றி, உள்ளே வந்தோர் தொகையில் இல்லை. தம் வீட்டிற்குச் சென்றோர் தொகையிலேதான் இருக்கிறது.

2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், நகரங்களில் வீடற்றோர்க்கு நிலையான தங்குமிடங்கள் அமைய வேண்டும் என ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த நெறிமுறை, ஓர் இலட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் வசதி வேண்டும் என்றும், அது இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. குழந்தைகளோடு வரும் பெண்களுக்குத் தனி இல்லங்கள் வேண்டும் என்பதையும் அது வற்புறுத்தியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாகர்கோவிலின் மக்கள்தொகை 2 இலட்சத்திற்கு மேல். அந்நெறிப்படி பார்த்தால், 200 பேருக்காவது இடம் வேண்டும் என்பது எளிய கணக்கு.

மாணவ நண்பர்களே! இதில் நாம் செய்யக்கூடியது என்ன என்று நீங்கள் வினவலாம். பெரும்பொருள் வேண்டுவதில்லை. பேருந்து நிலையத்தில் அத்தகைய தாயைக் கண்டால், இரக்கத்தோடு ஒரு காசு கொடுத்துவிட்டு அகலாதீர்கள். பெண்கள் உதவிக்கு 181 என்னும் தொலைபேசி எண்ணும், குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண்ணும் உள்ளன. அவள் விருப்பத்தைக் கேட்டறிந்து, அவள் இசைந்தால் அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் வீடற்ற குழந்தை ஒன்று வந்து சேருமாயின், முகவரி கேட்டு நாணச் செய்யாதீர்கள். பக்கத்தில் இடம் விட்டு அமரச் செய்யுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக் குழந்தைக்குப் பள்ளி மறுக்கப்படலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டம் பள்ளியின் வாயிலைத் திறக்கும். வகுப்பறையில் நட்பைத் திறப்பவர்கள் நீங்களே.

இனிச் சாலையோரத்தில் சுமைதாங்கியைக் காணும்போது சிறிது நில்லுங்கள். இறந்துபோன ஒரு தாய்க்கு நம் முன்னோர் கல் நாட்டினர். நம் காலத்து அறம் அதனினும் ஒருபடி உயர்தல் வேண்டும். உயிரோடு நடந்துகொண்டிருக்கும் தாய்க்கு நாம் இல்லம் அமைப்போம். அவள் தன் சுமையை ஓரிரவுக்கு அல்ல, என்றைக்குமாக இறக்கிவைக்கட்டும்.