உள்பக்கம் குனிஞ்சு பார்த்தீங்களா?

(தலைப்பு: குடும்பத்தில் விரிசல் வரக் காரணம் பெரிய சண்டைகளா? கவனிக்காத சின்ன விலகல்களா?)

நடுவர் அவர்களே! பெரிய சண்டைதான் காரணம் என்று எதிரணி நண்பர் மேசையைக் குத்திப் பேசினார். மேசையில் விரிசல் வந்ததுதான் மிச்சம். (சிரிப்பு)

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை போகணும். ஊர் எல்லையைத் தாண்டல, என் மனைவி சொன்னாள்: "என்னங்க, வண்டி இடப்பக்கமா இழுக்குதே!"

"நீ இடப்பக்கம் உட்கார்ந்திருக்கே, அதான்" என்றேன். (சிரிப்பு) அதுக்கப்புறம் அவள் பேசவே இல்லை. அந்த மௌனத்துக்குப் பயந்துதான் ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். (கைதட்டல்)

"டயர் புதுசு மாதிரி இருக்கே தம்பி" என்றேன்.

"உள்பக்கம் குனிஞ்சு பார்த்தீங்களா சார்?" என்றார் மெக்கானிக்.

குனிஞ்சேன். உள்விளிம்பில் கம்பி தெரியுது! அந்த டயரோடுதான் கொண்டை ஊசி வளைவுகளில் என் பேத்தியை ஏற்றிக்கொண்டு போக இருந்தேன்.

காரணம், வீல் அலைன்மென்ட். சக்கரம் போகிற திசைக்கு 1 டிகிரி கோணலாக நின்றால், 1 கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் உரசுது. முன்பக்கம் விரிந்து நின்றால் உள்விளிம்பு தேயும். நெருங்கி நின்றால் வெளிவிளிம்பு தேயும். எதிரணி சொல்கிற பெரிய சண்டை பஞ்சர் மாதிரி. உடனே இறங்கிப் பார்த்துடுவோம். இது சத்தமில்லாமத் தேயும் ஐயா!

அந்தத் தம்பி டயரை மாற்றினார், காற்றைச் சரிபார்த்தார். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் கோணம் நிற்காதாம்; அதையும் அசைத்துப் பார்த்தார். ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி, டை ராடின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமா, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினார்.

"ஒரு பக்கம் மட்டும் திருப்பினா?"

"சக்கரம் நேராகும், ஸ்டீயரிங் கோணிக்கும் சார்."

மருமகள் மட்டும் விட்டுக்கொடுக்கணும்னு சொல்ற மாமியார்களே, கேட்டுக்கோங்க! (பலத்த கைதட்டல்)

மலை ஏறினோம். வண்டி நூல் பிடிச்ச மாதிரி போச்சு. "நீ சொன்னதுதான் சரி" என்றேன் மனைவியிடம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "28 வருஷத்துல இதான் முதல் தடவை."

நடுவர் அவர்களே, எங்க வீட்டில் பெரிய சண்டை ஒன்றுகூட வந்ததில்லை. ஆனா அந்த 28 வருஷம் உள்ளுக்குள்ளே தேய்ஞ்சதை நான் ஒருநாளும் குனிஞ்சு பார்க்கலையே! தீர்ப்பு உங்கள் கையில்.