அடுத்த வேளையையும் சேர்த்துச் சமைப்பது



வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் காசு மிச்சமாகும் என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். ஒரு வேளைக்கென்று சாமான் வாங்கி, ஒரு வேளைக்கென்று சமைத்து, மீந்ததை ராத்திரி கொட்டுகிற வீட்டில் மெஸ் சாப்பாடே மலிவாக முடியும். காசை மிச்சப்படுத்துவது சமையலுக்குள்ளே ஒளிந்திருக்கிற இன்னொரு திறமை. இன்றைக்கு அடுப்பில் ஒன்றை ஏற்றும்போதே நாளைய வேளைக்கும் வழி பார்த்துவைக்கிற திறமை அது. பாட்டையும் கூத்தையும் மதிப்பிடுகிற அதே அக்கறையோடு இந்தத் திறமையையும் மதிப்பிட்டுப் பேச வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். எங்கள் பகுதி விலைக்கு அரிசி 50 ரூபாய், உளுந்து 35 ரூபாய். உப்பு, வெந்தயம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 5 ரூபாய் போடுவோம். ஆக 90 ரூபாய். ஊறி, அரைபட்டு வரும்போது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாவு இருக்கும். அதில் 60 இட்லி வார்க்கலாம். ஓர் இட்லிக்கு ஒன்றரை ரூபாய். சட்னி, சாம்பார், கேஸ் சேர்த்தாலும் நாலைந்து ரூபாய்க்குள் அடங்கும். சாதாரண ஹோட்டலில் ஓர் இட்லி 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் உங்களுக்கே தெரிகிறது.

கடையில் விற்கிற பாக்கெட் மாவு கிலோ 50 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்கு 150. வீட்டில் அரைப்பதால் மிச்சமாவது 60 ரூபாய்தான். வேலைக்குப் போய் அலுத்து வருகிறவர் பாக்கெட் மாவு வாங்கினால் ஊதாரி என்று பேசுவது நியாயமில்லை. பெரிய வித்தியாசம் ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஓர் இட்லி ஒரு ரூபாய். அந்த விலையை எந்த வீட்டு அடுப்பாலும் முந்த முடியாது. அது அரசு தாங்குகிற விலை.

ஆனால் வீட்டில் அரைப்பதற்கு இன்னொரு லாபம் உண்டு. உளுந்து நன்றாகக் காண வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். புது உளுந்தாக இருந்து, கிரைண்டரில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினால் மாவு பஞ்சுபோலப் பொங்கி, குண்டானுக்கு மேலே வரும். மிக்சியில் சூடேறிவிடும், அதனால் அந்த அளவுக்குக் காணாது. கை அறிந்தவர் கால் கிலோ உளுந்தில் எடுக்கிற மாவைக் கை அறியாதவர் எடுக்க அதற்கு மேலும் உளுந்து போட வேண்டியிருக்கும். திறமையே பணமாக மாறுகிற இடம் இது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2011-ல் அரசு விலையில்லாக் கிரைண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஆட்டுக்கல்லோடு போராடிய எத்தனையோ வீடுகளுக்கு இந்தக் கலை எளிதாயிற்று.

மாவின் அருமை அது புளிக்கப் புளிக்கத் தெரியும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, அதற்கும் அடுத்த நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம். இன்னும் புளித்தால் பச்சை மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். மீந்த இட்லியை உதிர்த்தால் உப்புமா. கிரைண்டர் கல்லை வழித்துக் கழுவின தண்ணீரைக்கூடத் தோசை மாவில் கலந்துகொள்வார்கள். ஒரே உழைப்பு நாலு நாளைக்கு, நாலு ருசியாக வருகிறது. குழந்தைகளும் நேற்றுச் சாப்பிட்டதையே மறுபடி தருகிறார்கள் என்று முகம் சுளிப்பதில்லை. சிக்கனம் என்று தெரியாமல் சிக்கனம் செய்வதுதான் இந்தக் கலையின் உச்சம் என்பேன்.

சோற்றுப் பானைக்கும் இதே கதை. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழைய சோறும் நீராகாரமும். பருப்பு வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு. பீர்க்கங்காய் கூட்டுக்கு, அதன் தோல் துவையலுக்கு. மீன்குழம்பும் வற்றல் குழம்பும் மறுநாள் சுண்டவைத்தால் இன்னும் ருசி.

அடுத்தது சந்தை. வீட்டிலேயே இன்ன குழம்பு என்று தீர்மானித்துவிட்டுப் பையோடு போகிறவர் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காயைப் பார்த்து, விலையைக் கேட்டு, அதன் பிறகு குழம்பைத் தீர்மானிக்கிறவருக்குப் பிடி தன் கையில் இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகு ரசம், எலுமிச்சை சாதம் என்று தக்காளியின் பக்கமே திரும்பாமல் சமைத்துக்கொண்டவர்கள் உண்டு. பங்குனி சித்திரை வெயிலில் காயப்போட்ட சுண்டை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் மோர் மிளகாயும் அப்போதுதான் டப்பாவிலிருந்து வெளியே வந்தன. மலிந்த காலத்தில் வாங்கி வைத்தது, விலை ஏறிய காலத்தில் பேசுகிறது. 1999-ல் மதுரையில் முதலில் திறந்த உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. விவசாயியே நேரில் கொண்டுவந்து விற்கிற காய் அங்கே கிடைக்கும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி விலையில்லாமல். இவற்றைக் கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது சிக்கனமில்லை. அதில் கெடுதலான பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போன எண்ணெயைக் கடைகளே பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. வீட்டிலும் அதே கண்டிப்பு வேண்டும். பொரிப்பதற்குக் கொஞ்சமாக ஊற்றி, மீந்ததை மறுநாள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள்.

நாட்டு நிலவரமும் ஒரு சேதி சொல்கிறது. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்துக் குடும்பம் செலவழிக்கிற 100 ரூபாயில் ஏறக்குறைய 39 ரூபாய் உணவுக்கு. அதில் பத்து ரூபாய்க்கு மேல் ஹோட்டல் சாப்பாடு, பாக்கெட் தீனி, பானம் ஆகியவற்றுக்குப் போகிறது. தானியத்துக்குச் செலவாவதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் நம்மால் குறைக்க முடியாது. இந்தப் பத்து ரூபாயில் கை வைக்க முடியும்.

கை வைப்பது யார் என்பதையும் கேட்க வேண்டும். 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழித்தது 299 நிமிடம். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். நான் மேலே போட்ட 90 ரூபாய்க் கணக்கில் அந்த நிமிடங்களுக்குக் காலணாகூட இல்லை. அரிசி களைந்து, ஊறவைத்து, ஆட்டி, வழித்து, கழுவி வைக்கிற உழைப்பை இலவசம் என்று வைத்துக்கொண்டுதான் வீட்டுச் சாப்பாடு மலிவு என்கிறோம். ஒருவர் மேல் மட்டும் சுமத்தி மிச்சம் பிடிக்கிற காசை நான் சேமிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் கலை பிழைக்க வேண்டுமானால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே வீட்டு ஆண்களையும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவு அரைக்கிற பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஊறவைத்துவிடுங்கள். உளுந்தை முதலில் ஆட்டுங்கள், அரிசியை அப்புறம். கையால் கலந்து, பாதிப் பாத்திரம் காலியாக விட்டு மூடிவையுங்கள். கிரைண்டரையும் நீங்களே கழுவி வையுங்கள்.