இரு விகிதங்கள் ஒன்றா, வேறா?

(திருவண்ணாமலையில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கார்த்திகைத் தீபத்தன்று இவ்வூரில் அன்னதானம் செய்வோர் பலர். வீட்டுப் பொங்கலுக்கு இரண்டு படி அரிசியும் ஒரு படி பாசிப்பருப்பும் இடும் அம்மையாரிடம், நாற்பது படி அரிசிக்குப் பருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். இருபது படி என்று உடனே சொல்வார். "பருப்பு ஒரு படிதானே குறைவு, ஆகவே முப்பத்தொன்பது படி" என்று சொல்லமாட்டார். அடுக்களையில் நேராத இப்பிழை வயலில் நேர்ந்துவிடுகிறது.

மண் பரிசோதனை செய்யாத வயலில், நம் பகுதிக் குறுகிய கால நெல்லுக்கு எக்டேருக்குத் தழைச்சத்து 120, மணிச்சத்து 40, சாம்பல் சத்து 40 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. மத்திய, நீண்ட கால நெல்லுக்கு 150:50:50. இவ்விரண்டும் ஒரே விகிதமா? குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 120ஐ 50ஆல் பெருக்க 6000. 40ஐ 150ஆல் பெருக்க 6000. இரண்டும் சமம். அளவுதான் வேறு, விகிதம் 3:1:1 என்னும் ஒன்றே.

"தழைச்சத்தில் 30 கிலோ கூட்டினேன், மற்ற இரண்டிலும் அவ்வாறே கூட்டினேன், விகிதம் மாறவில்லை" என்பார் சிலர். அது 150:70:70 ஆகிறது. 120ஐ 70ஆல் பெருக்க 8400. 40ஐ 150ஆல் பெருக்க 6000. ஒன்றாகவில்லை. எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் விகிதம் மாறாது. இங்குக் கூட்டினால் மாறிவிடுகிறது. எக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆகவே 120:40:40ஐ இரண்டரையால் வகுத்து, ஏக்கருக்கு 48:16:16 என்று அச்சமின்றிக் கொள்ளலாம்.

இனிக் கடைக்குச் செல்வோம். 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரத்தில் மூன்று சத்தும் உள்ளன. ஆயின் அதன் விகிதம் 1:1:1. நெல்லுக்கு வேண்டியதோ 3:1:1. இதை மட்டும் கொண்டு 48 கிலோ தழைச்சத்துக் கொடுக்க 282 கிலோ உரம் வேண்டும். அப்போது மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தேவையைப்போல் மும்மடங்கு வயலில் சேரும். அந்தப் பணம் யாருடையது? மாறாக, 94 கிலோ காம்ப்ளெக்ஸ் வாங்கினால் மூன்றிலும் 16 கிலோ கிடைத்துவிடும். குறையும் 32 கிலோ தழைச்சத்துக்கு, நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்துடைய யூரியா 70 கிலோ போதும். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் பருவத்திற்கேற்பப் பிரித்து இடவேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். கட்டட மதிப்பீட்டில் சிமெண்டும் மணலும் 1:5 என்றிருக்க, வேலையிடத்தில் 3 பெட்டி சிமெண்டுக்கு 18 பெட்டி மணல் விழுகிறதா? 1ஐ 18ஆல் பெருக்க 18. 5ஐ 3ஆல் பெருக்க 15. கலவையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். சிமெண்டுக்கும் மணலுக்கும் ஒரே பெட்டியில்தான் அளக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.