தரைக்குள் ஓடிய கரண்ட்



சம்பூரில் கரண்ட் என்று பேச்செடுத்தால் லேசில் முடியாது. நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று பல வருடம் சொன்னார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம் என்கிறார்கள். நான் சொல்லவந்தது அதைவிடப் பழைய கரண்ட் கதை. அதிலும் முதல் திட்டம் பிழைத்துத்தான் போனது.

1895 மே 7, சென்னைப் பட்டினம். இந்தியாவின் முதல் மின்சார டிராம் அன்றுதான் ஓடியது. இலண்டன் தெருக்களில்கூட அப்போது மின்சார டிராம் கிடையாது. ஆனால் சென்னையில் தலைக்கு மேலே கம்பி கட்டவில்லை. தண்டவாளத்தை ஒட்டித் தரைக்குள் ஒரு வாய்க்கால், கரண்ட் அதற்குள். வாய்க்காலுக்கு மேலே ஒடுக்கமான ஒரு நீக்கல் விட்டிருப்பார்கள். வண்டியின் அடியிலிருந்து ஒரு தகடு அதற்குள் இறங்கி, கரண்டைத் தொட்டபடியே கூடப் போகும். தெருவில் தூணும் கம்பியும் தெரியாது, பார்வைக்கு நல்ல ஏற்பாடு. மாரி தொடங்கியது, வாய்க்காலுக்குள் வெள்ளம் வந்தது, டிராமும் நின்றது. ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று கொட்டியாரத்து வயற்காரரிடம் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பார்! கடைசியில் கம்பியை மேலேதான் ஏற்றினார்கள்.

கொழும்பில் மின்சார டிராம் வந்தது 1899 ஜனவரியில். அங்கே தொடக்கத்திலிருந்தே கம்பி மேலேதான். கூரையில் ஒரு நீளக் கழி நிற்கும். அதன் நுனி கம்பியோடு உரசிக்கொண்டு ஓடும். கோட்டையிலிருந்து ஒரு பாதை மருதானை வழியாகப் பொறளைக்கும், இன்னொன்று கிராண்ட்பாஸுக்கும் போயின. நாலு வருடம் பிந்தியது கொழும்புக்கு நல்லதாயிற்று என்றே நினைக்கிறேன்.

தொழிலாளருக்கு மட்டும் அது நல்ல காலமாக இருக்கவில்லை. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருதானையில் கலவரம் மூண்டு, பொலிஸ் சுட்டது. 1944இல் மாநகர சபை டிராமைப் பொறுப்பேற்றது.

சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. கொழும்பு டிராம் 1960இல். அந்தக் காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ கொழும்பு போய், டிராமில் ஏறிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.